ஜிகினா பொட்டு

என் அண்ணிக்கு வாய் நீளம். எனக்கு அதைவிட நீளம் என்று வீட்டில் சொல்வார்கள். அது உண்மைதான் என்று கடைசியில் நானே நிரூபித்தேன்.

அண்ணி மரம் அறுக்கும் செயின் சா பழுது பார்ப்பவள். விறகு வெட்டும் சின்ன மெஷின் இல்லை. ஆள் கட்டிப்பிடிக்க முடியாத மரத்தைச் சாய்க்கிற பெரிய மெஷின். டயர் கடையை ஒட்டி, நாலு பேர் நின்றால் ஐந்தாமவர் தெருவில் நிற்க வேண்டிய கடை அவளுடையது. அண்ணன் மரம் வெட்டுகிறவன். முதல் தடவை மெஷினைக் கொண்டுவந்து அவளிடம் வசமாகத் திட்டு வாங்கினான். அடுத்த வாரமே இன்னொரு மெஷினோடு போய் நின்றான். திட்டு வாங்கவே கெடுத்துக்கொண்டு போகிறான் என்று நாங்கள் கேலி செய்து முடிப்பதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது.

மெஷின் எவ்வளவு வீறிடுகிறதோ அவ்வளவு நல்லது என்று வெட்டுகிறவர்களுக்கு ஒரு நினைப்பு. கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகி பெட்ரோலைக் குறைப்பார்கள், வேகம் எகிறும். பெட்ரோலோடு கலந்துதான் ஆயிலும் உள்ளே போகிறது என்பதை மறந்துவிடுவார்கள். அப்படி ஆயில் கிடைக்காமல் கீறிப்போன ஒரு பிஸ்டனை அண்ணி மேசை மேலேயே வைத்திருந்தாள். வருகிறவன் மூக்குக்கு நேராக அதை நீட்டிக்கொண்டுதான் பேசவே ஆரம்பிப்பாள்.

"முழு வேகத்துல சும்மா ஓடறப்ப கொஞ்சம் கொரகொரன்னு கேக்கணும். மரத்துல வெச்சதும் அது போயிடணும். அதுக்கு மேல வீறிட்டா, அது மெஷின் அழற சத்தம்யா!"

இதிலாவது போவது காசுதான் என்று திட்டோடு விட்டுவிடுவாள். ஐடிலிங் விஷயத்தில் மட்டும் பத்ரகாளி. ஆக்சிலேட்டரிலிருந்து விரலை எடுத்தால் இன்ஜின் ஓடலாம், செயின் அசையக் கூடாது. சுற்று எண்ணும் மீட்டரை வைத்துப் பார்த்து, நிமிஷத்துக்கு இரண்டாயிரத்து எழுநூறு சுற்றில் நிறுத்துவாள். ஏற்றி வைத்தால் கிளட்ச் பிடித்துக்கொள்ளும். விரலை எடுத்த பிறகும் செயின் ஓடிக்கொண்டே இருக்கும். ட்யூனிங் முடிந்ததும் ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையும் பக்கத்து உலோகமும் சேரும் இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு. பிறகு யாராவது திருப்பினால் பொட்டு இரண்டாகப் பிளந்து காட்டிக்கொடுத்துவிடும். பொட்டு பிளந்த மெஷினோடு வருகிறவன் காதைப் பொத்திக்கொண்டுதான் வர வேண்டும்.

அண்ணன் மெஷின் அடிக்கடி நின்றுபோக ஆரம்பித்தது. அன்று நானும் கடையில் இருந்தேன்.

"ஐடிலிங்கக் கொஞ்சம் ஏத்தி விடேன். விரலை எடுத்தாலே ஆஃப் ஆகுது. கயிற இழுத்து இழுத்து தோளே கழண்டு போச்சு" என்றான்.

"எங்கயோ காத்து இழுக்குது. சீல் மாத்தணும். ரெண்டு நாள் வெச்சுட்டுப் போங்க."

"ரெண்டு நாள்னா மேஸ்திரி வேற ஆளப் போட்டுடுவாரு."

"அப்ப ஆஃப் ஆகட்டும். ஆஃப் ஆகற மெஷின் யாரையும் வெட்டாது. ஸ்க்ரூல கை வெச்சீங்க, வீட்டுக்குள்ள விட மாட்டேன். சொல்லிட்டேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மீட்டரில் அன்று பேட்டரி தீர்ந்திருந்தது. அண்ணி காதாலேயே கேட்டு ஐடிலிங்கைச் சரிபார்த்து, பொட்டு வைத்துக் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் நான் வேலை செய்யும் பியூட்டி பார்லருக்கு வந்தான். பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்க, வாசலிலேயே நெளிந்தான்.

"வாலு, செவப்பு நெயில் பாலிஷ் ஒண்ணு குடு."

"யாருக்குண்ணா?"

"வேற யாருக்கு? உங்க அண்ணிக்குத்தான். அவகிட்ட சொல்லிடாத."

எனக்கு மனசு அப்படியே உருகிவிட்டது. என்னிடம் இருந்த ஒரே சிவப்பில் பொடி ஜிகினா கலந்திருந்தது. காட்டினேன். வெளியே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வெயில்ல பாத்தாத்தான் தெரியுது. பரவால்ல" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கட்டினால் என் அண்ணன் மாதிரி ஒருத்தனைக் கட்ட வேண்டும் என்று, நாற்காலியில் இருந்த பெண்ணிடம் பெருமையாகச் சொன்னேன்.

அதிலிருந்து பதினோராம் நாள் அண்ணன் செத்துப்போனான். சாய்த்த மரத்தில் கிளை கழித்துக்கொண்டிருந்தவன், விரலை எடுத்துவிட்டு ஒரு கிளையைத் தாண்டியிருக்கிறான். செயின் நிற்கவில்லை. தொடையில் இறங்கிவிட்டது. வண்டி ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் மேஸ்திரி மெஷினைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். கூடத்தில், உறவுக்காரர்கள் எல்லோரும் பார்க்க, கயிற்றை இழுத்து ஓட்டிக் காட்டினார். விரலை எடுத்தார். செயின் அது பாட்டுக்கு ஓடியது.

நான் குனிந்து பார்த்தேன். பொட்டு பிளக்காமல் முழுசாக இருந்தது. அப்புறம் என் வாய் சும்மா இருக்குமா?

"நீங்க வெச்ச பொட்டுதானே அண்ணி? அப்படியே இருக்கு பாருங்க! உங்க கைதான் எங்க அண்ணனக் கொன்னுது!"

அண்ணி மெஷினை பல்புக்கு அடியில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"ஆமா. மீட்டர் இல்லாம வெச்சேன்" என்றாள். அந்த மெஷினைக் கடையில் கொண்டுபோய் வைத்து ஷட்டரை இழுத்தவள், யாருடைய மெஷினையும் அதற்கு மேல் தொடவில்லை. நானும் அவளோடு பேசுவதை விட்டேன்.

நாலு மாதம் போனது. அந்த மெஷின் இன்னும் இருக்கிறது என்ற நினைப்பே என்னைத் தூங்கவிடவில்லை. எடைக்குப் போட்டுவிடலாம் என்று ஒரு காலையில் போனேன். ஷட்டர் பாதி திறந்திருந்தது. அண்ணி வெறும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"எடுத்துட்டுப் போ" என்றாள்.

இரண்டு கையாலும் தூக்கிவந்து நடைபாதையில் இறக்கினேன். நல்ல வெயில். மற்ற இரண்டு ஸ்க்ரூவில் இருந்த பொட்டும் மங்கிய சிவப்பாக இருந்தன. ஐடிலிங் ஸ்க்ரூவில் இருந்தது மட்டும் மினுமினுத்தது.

அது நான் அண்ணனுக்குக் கொடுத்த ஜிகினா பாலிஷ். ஸ்க்ரூவைத் திருப்பியவன் அண்ணன். திருப்பியது தெரியாமல் இருக்க மேலே பூசியவனும் அவனே. பேசாமல் எடைக்குப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது, நான் சொன்னது சொன்னதாகவே இருந்துவிடும். ஒரு நிமிஷம் அப்படியும் நினைத்தேன். அதை மறைத்து எழுத மனசு வரவில்லை.

"அண்ணி, கொஞ்சம் வெளிய வாங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பார்லருக்கு வந்தது, சொல்லாதே என்றது, வெயிலில் பார்த்தது, எதையும் விடவில்லை. அண்ணி மண்டியிட்டு நகத்தால் சுரண்டினாள். ஜிகினாவுக்கு அடியில் அவளுடைய பழைய பொட்டு, இரண்டு துண்டாக. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து மெதுவாகப் பின்னால் திருப்பினாள். முக்கால் சுற்றில் இரண்டு துண்டும் சேர்ந்து மறுபடியும் ஒரே பொட்டானது.

புது பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்தாள். பத்துப் பதினைந்து இழுப்புக்குப் பிறகு இன்ஜின் பிடித்தது. விரலை எடுத்தாள். செயின் அசையவில்லை. கொஞ்ச நேரம் திணறிய இன்ஜின் தானாகவே ஆஃப் ஆகிவிட்டது.

"உங்க மேல தப்பே இல்ல அண்ணி" என்று அவள் காலடியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அவள் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திருப்பிட்டேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியல அவரால. பார்லர் வரைக்கும் போய், உங்கிட்ட பாலிஷ் வாங்கி... என் வாய்க்கு அவ்வளவு பயந்திருக்காரு வாலு." அண்ணன் செத்த அன்றுகூட அழாதவள் நடுத்தெருவில் ஓவென்று அழுதாள்.

இப்போது கடையைத் திறந்துவிட்டாள். மீட்டர் வைத்துத்தான் பார்க்கிறாள். பொட்டு வைப்பதில்லை. நெயில் பாலிஷ் பாட்டிலையும் அந்தப் பிஸ்டனையும் தூக்கிப் போட்டுவிட்டாள். யாராவது மெஷினைக் கொண்டுவந்தால், "எவ்வளவு திருப்பினீங்க? பயப்படாம சொல்லுங்க, திட்ட மாட்டேன்" என்று கேட்கிறாள். பழைய ஆட்கள் மிரண்டு போய்ப் பார்க்கிறார்கள்.

அத்தனை பேர் முன்னால் அவளைக் கொலைகாரி என்று கத்தினவள் நான். தினமும் வேலை முடிந்ததும் கடைக்குப் போகிறேன். அந்தப் பேச்சை எடுத்தாலே, "விடு வாலு, நீ என்ன பண்ணுவ" என்கிறாள். ஒரு நாளாவது அந்தப் பழைய வாயால் என்னை வாங்கு வாங்கென்று வாங்க மாட்டாளா என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.