பெலாச்சான் புகை என்று நான் சொன்ன பொய்

மூக்கு எரிந்தால்தான் இடம் சுத்தமானது என்று நம்புகிறவர்கள் கழிப்பறை கழுவும் நாங்கள். இந்த வேலையில் இருக்கிற சகோதரிகளே, நீங்களும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். சட்டம் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. பயப்படுவதில் மட்டும் நல்ல அனுபவம். அந்தப் பயத்தில் செய்த தப்பை எழுதி வைக்கிறேன்.

வாளி

ஈப்போவில் ஒரு பேரங்காடியில் நானும் சரோஜாவும் ஜோடியாக வேலை பார்த்தோம். சிலிம் ரிவர் பக்கம் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். அவள் எனக்கு நாலு வயது இளையவள். தோட்டத்தில் புல்லுக்கு அடிப்பதை மருந்து என்று சொல்லிப் பழகிய வாய், கழிப்பறைக்கு ஊற்றுவதையும் மருந்து என்றே சொல்லும். அது பெரிய டிரம்மில் வரும். சூப்பர்வைசர் விமலா காலித் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றித் தருவாள். நீலம் தரைக்கு, வெள்ளை பிளீச், அது கறைக்கு. பாட்டிலில் ஒரு எழுத்தும் இருக்காது.

அதுவரை வந்த நீலம் வெறும் சோப்புத் தண்ணீர். அன்றைக்கு வந்த நீலம் ஆசிட். யாரும் சொல்லவில்லை. சரோஜா எப்போதும்போல இரண்டையும் ஒரே வாளியில் கலந்தாள். மஞ்சளாகப் புகை கிளம்பியது. நான் ஓடியபோது அவள் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். கக்கத்தில் கை கொடுத்து வெளியே இழுத்து வந்தேன். இருமலுக்கு நடுவே கிடைத்த ஒரு மூச்சில் அவள் சொன்னது: "அக்கா, வாளிய கவுத்துறாத லா, மருந்து பாதி அப்படியே இருக்கு."

கிளினிக்

விமலாவின் காரில்தான் போனோம். அவள் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பத்திரிகைக் கட்டு வைத்த அவள் கைப்பை பின்சீட்டில் என் மடிமேல் இருந்தது. வேலையிடத்தில் நடந்தது என்று எழுதினால் தன்னைத்தான் முதலில் தூக்குவார்கள் என்று வழியெல்லாம் அழுதாள். சரோஜாவால் பேச முடியவில்லை. அதனால் டாக்டரிடம் நான்தான் பேசினேன். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பெலாச்சான், அதான் அந்த இறால் விழுது, வறுத்தாள், புகை நெஞ்சில் ஏறிவிட்டது என்றேன். இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது.

டாக்டர் சின்ன வயசுப் பையன், தைப்பிங்காரர். அப்படியே எழுதிக்கொண்டார். மருந்துச் சீட்டை நீட்டி, என்னிடம் மரியாதையாகச் சொன்னார்: "இனிமே ஜன்னலத் தொறந்து வச்சு வறுக்கச் சொல்லுங்க அக்கா."

மூணாவது மாடி

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சரோஜாவின் இருமல் முடியவில்லை. அவள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். மூன்று மாதத்தில் வேலையும் போய்விட்டது. எனக்குத் தூக்கம் வரவில்லை. பேசாமல் சட்ட உதவி மையத்துக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே இருந்த வக்கீல் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண், நறுக்கென்று பேசுவார். முதல் வேலை தொழிலாளர் காப்பீட்டில் விபத்து மனு போடுவது என்றார். இரண்டாவது, வேலையிடப் பாதுகாப்பைப் பார்க்கிற இலாகாவில் புகார். அந்தக் காப்பீடு இருக்கிற இடத்தில் முதலாளிமேல் தனி வழக்குப் போட பெரும்பாலும் வழி இல்லையாம். ஆனால் பெயர் ஒட்டாத டிரம்மை விற்றவன்மேல் போட முடியுமா என்று பார்க்கலாமாம். எதற்கும் காலக்கெடு உண்டு, ஆறப்போடக் கூடாது என்றார். பிறகு கிளினிக் காகிதத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்: "இதில் சமைத்தது யார், சரோஜாவா, நீங்களா?"

கழுவிய கை

நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். சரி, வாளி எங்கே, பாட்டில் எங்கே என்று கேட்டார். சகோதரிகளே, நாம் யார்? அன்றைக்குச் சாயங்காலமே நான் திரும்பிப் போய் வாளியைக் கழுவி, பாட்டிலை மூன்று தடவை அலசிக் கவிழ்த்து, தரையைப் பளபளவென்று துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். அதில் பெருமை வேறு.

வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்போதுதான் சரோஜா தலையைக் குனிந்துகொண்டு, அன்று போட்டிருந்த சீருடை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது என்றாள். முன்பக்கமெல்லாம் நிறம் வெளுத்துத் திட்டுத் திட்டாக இருக்கிறதாம். வக்கீல் எழுந்தே நின்றுவிட்டார். சரோஜாவுக்கு அழுகை வந்தது: "மூணு மாசமா தொவைக்காத துணிங்க, எப்படிங்க அத வெளிய காட்டுறது?"

விசாரணை

காப்பீட்டு அலுவலக அதிகாரி மலாய்க்காரர், பொறுமையானவர். முதலாளி எழுதிய கடிதத்தில் பெலாச்சான்தான் இருந்தது. அதை அடிக்க, நான் பொய் சொன்னேன் என்று என் வாயால் சொல்ல வேண்டும். என் வேலை போய்விடலாம் என்று தெரியும். சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார். விமலாவின் பெயரைச் சொல்லாமல், பயத்தில் சொன்னேன் என்றேன்.

கதவு திறந்தது. விமலா. யாரும் கூப்பிடாமலே வந்திருந்தாள். கல்யாணப் பத்திரிகை வந்த அதே கைப்பையில் டிரம் இறக்கிய நாளின் டெலிவரி சீட்டைக் கொண்டு வந்திருந்தாள். ஆசிட் என்று அதில் தெளிவாக இருந்தது. அவளும் அன்றைக்குப் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதிகாரியிடம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, சரோஜா பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "எம்மவ கல்யாணத்துல நீ இருமிக்கிட்டே பந்தி பரிமாறுன லா, அந்தச் சாப்பாடு எனக்கு எறங்கவே இல்ல."

கடிதம்

வேலையிட விபத்து என்று ஏற்றுக்கொண்டார்கள். சிகிச்சை அவர்கள் பொறுப்பு. நுரையீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று மருத்துவக் குழு பார்க்கும். டிரம் விற்றவனுக்கு வக்கீல் கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறார், பதில் இல்லை. விமலாவைத் தைப்பிங் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு இன்னும் வேலை இருக்கிறது, தினமும் பயமும் இருக்கிறது.

விபத்தை ஏற்றுக்கொண்ட கடிதத்தை நான் மூன்றாவது மாடியில் படித்துக் காட்டினேன். சரோஜா இரண்டு தடவை கேட்டாள். பிறகு, சாட்சியமாகக் கொடுத்துவிட்ட சீருடைப் பை கிடந்த, கட்டிலுக்கு அடியில் வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்தாள். "கேஸ் முடிஞ்சதும் அந்தச் சட்டையத் திருப்பிக் குடுப்பாங்களாக்கா? ஒரு தடவயாவது தொவச்சிடணும்."

இப்போதெல்லாம் நான் எந்தப் பாட்டிலைக் கழுவுவதற்கு முன்பும் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன், பெலாச்சானை மட்டும் ஜன்னலைத் திறந்து வைத்தே வறுக்கிறேன்.