பன்னிரண்டு அடி உயரத்தில் என் அக்கா மகள்

சென்ற ஆண்டு ஆவணியில் ஒரு புதன்கிழமை. மதுரையிலிருந்து வந்து ஆண்டிபட்டிப் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது காலை எட்டரை மணி இருக்கும். எதிரே பன்னிரண்டு அடி உயர பிளக்ஸில் என் அக்கா மகள் நின்றிருந்தாள். வயது பதின்மூன்று. தலை மட்டும்தான் அவளுடையது. பள்ளி அடையாள அட்டையில் இருந்து எடுத்தது. பட்டுப்புடவை, ஒட்டியாணம், உடம்பு எல்லாம் கடைக்காரரின் கணினியில் இருந்த யாரோ ஒரு பெண்ணுடையவை. உச்சியில் ஒரு கட்சித் தலைவர் கைகூப்பியிருந்தார். கீழே, தாய்மாமன் என்ற முறையில், கறுப்புக் கண்ணாடி அணிந்த என் அண்ணன். அவள் வயதுக்கு வந்ததை ஊருக்கு அறிவிக்கும் அந்த நான்கு வரி வாசகம், நான் எழுதிக் கொடுத்தது.

அவள் படிக்கும் பள்ளியின் சீருடையில் மூன்று பையன்கள் அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "ஏலே, இது நம்ம கிளாஸ்டா!" என்றான் ஒருவன். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

அங்கிருந்து மயிலாடும்பாறைப் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்கு இன்னொரு பேருந்து. வீட்டுக்குப் பின்னால் பச்சைத் தென்னங்கீற்றில் கட்டிய குச்சுக்குள் அவள் உட்கார்ந்திருந்தாள். தனித் தட்டு, தனி டம்ளர், வாசலில் குறுக்கே உலக்கை. அன்று ஒன்பதாம் நாள். பதினாறு நாள் முடியும்வரை எந்த ஆணின் கண்ணிலும் படக்கூடாது என்பது ஏற்பாடு.

"சித்தி, பஸ் ஸ்டாண்டுல நான் எம்புட்டு உசரம் இருக்கேன்?"

"பன்னெண்டு அடி."

"அங்கன ஊரே பாக்கலாம். வெள்ளிக்கிழம தேனிக்குக் கபடி ஆடப் போனா மட்டும் ஆம்பள கண்ணு பட்ருமாக்கும்?"

பள்ளி அணியில் ரெய்டுக்குப் போவது அவள்தான். அவளை அனுப்பச் சொல்லி விளையாட்டு ஆசிரியை இரண்டு முறை அழைத்திருக்கிறார்.

முன்பக்கத்தில் அக்காவின் கணவரும் என் அண்ணனும் சீர்வரிசை ஊர்வலத்துக்கு நாதஸ்வரமா, குமுளியிலிருந்து செண்டை மேளமா என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், வெள்ளிக்கிழம ஒரு நாள் போயிட்டு வரட்டும். நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன் அக்காவின் கணவரிடம்.

"தீட்டுத்தா. கண்டவன் கண்ணுல படலாமா?"

"பஸ் ஸ்டாண்டுல படுதே?"

"அது போட்டா. இது ஆளு."

அண்ணன் குறுக்கே வந்தார். "வயசுக்கு வந்த புள்ள. இனிமே ட்ராயரப் போட்டுக்கிட்டு மண்ணுல புரண்டா நல்லாவா இருக்கு?"

வெள்ளிக்கிழமை மட்டுமல்ல, அதற்குப் பிறகும் கபடி கிடையாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சரி, அந்த பிளக்ஸையாவது இறக்குங்கள் என்றேன். இருவரும் பதறிவிட்டார்கள்.

"என்னத்தா பேசுற? மேல தலைவரு படம் இருக்குல்ல? இறக்குனா கட்சிக்காரக சும்மா விடுவாகளா?"

அவர் படத்துக்கு ஒரு மரியாதைக்குறைவும் வந்துவிடக்கூடாது. அந்த வீட்டில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. அடுப்படியிலிருந்து வந்த அக்கா ஒரே வரியில் என் வாயை அடைத்தாள்.

"நல்ல காரியத்துல வந்து ஏன்டி நொட்ட சொல்ற? எழுதிக் குடுத்ததே நீதான?"

இருபத்திரண்டு வருடம் செய்தித்தாளில் துணை ஆசிரியராக இருந்தவள் நான். சம்மதம் கேட்காமல் ஒரு குழந்தையின் படத்தை அச்சுக்கு விட்டதில்லை. அதற்காக நிருபர்களோடு எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். இந்த பிளக்ஸின் மாதிரி செல்போனில் வந்தபோது பத்து நிமிடம் செலவழித்தேன். பெரியப்பாக்களின் பெயர் வரிசை சரியா, எந்த மாமாவாவது விடுபட்டாரா என்று பார்த்தேன். அந்த முகத்துக்கு உரியவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் இல்லாமல் ஆடிய அணி முதல் ஆட்டத்திலேயே தோற்றது. பதினாறாம் நாள் செண்டை மேளம் முழங்க விழா நடந்தது. சாப்பாட்டுப் பந்தியில் நான்கு பேர் வந்து வாசகம் பிரமாதம் என்று என்னைப் பாராட்டினார்கள். மேடையில் மாலையோடு இருந்தவளை, சிரிக்கச் சொல்லிச் சொல்லிப் புகைப்படக்காரர் களைத்துப் போனார்.

இந்தப் பிப்ரவரியில் அந்த விளையாட்டு ஆசிரியையைத் தேனியில் தற்செயலாகச் சந்தித்தேன். அக்கா மகள் மூன்று மாதமாகப் பயிற்சிக்கு வருவதாகச் சொன்னார். வீட்டில் 'ஸ்பெஷல் கிளாஸ்' என்று பெயராம். அக்காவுக்குத் தெரியும், மச்சானுக்கும் அண்ணனுக்கும் தெரியாது.

வாரம் ஒருமுறை என்னோடு போனில் பேசுகிறவள், என்னிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்லக்கூடாது என்று அவள் பிரித்து வைத்ததில் நான் அந்த ஆண்களின் பக்கம் இருக்கிறேன். அதை நினைக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது, அவள்மேல் அல்ல.