தோற்ற மாத்திரைக்கு ஒரு தில்பசந்த்

இன்று மாலை ஜோகுபாளையம் பேக்கரியில், மூட்டுவலிக்கு ஒரு புது மாத்திரையைச் சோதித்துவந்த பக்கத்து வீட்டு ஆராய்ச்சியாளர் கவிதா, தேங்காய்ப்பூரணம் வைத்த தில்பசந்த் இனிப்பைப் பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“மூட்டுவலி மாத்திரை ஜெயிச்சிடுச்சாம்மா?” என்று கேட்டேன்.

“இல்ல சார், வேலையே செய்யல.”

எந்த முடிவு வந்தால் தன் ஊகம் தவறு என்பதை, சோதனைக்கு முன்பே எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் பதிவு செய்திருந்தார். இன்று அதே முடிவு வந்துவிட்டது.

“பெண்களை மட்டும் பிரிச்சுப் பார்த்தா வேலை செய்யுதேன்னு பாஸ் இழுத்தாரு. முன்னாடி நாம அப்படிச் சொல்லலையே சார்னு பதிவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் முறைச்சாரு. அப்புறம் அவரே ஸ்வீட் வாங்க அனுப்பிட்டாரு. இனி யாரும் இதை வீணா முழுங்க வேணாம்ல?”

எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. கணிப்பு பொய்த்ததற்காக இனிப்பு கொடுப்பவரை என் செய்தியாளர் வாழ்க்கையில் இன்றுதான் பார்க்கிறேன்.

தேர்தல் கருத்துக்கணிப்பு நடத்தும் நண்பர்களே, உங்கள் பெட்டி எப்போது வரும்?