ஆபரேட்டர் முழுங்கிய ரீல்

அந்த தாதா படத்தை மாரண்டஹள்ளி தியேட்டரில் ஏழு முறை பார்த்தவன் நான். நடிகருக்கு வசனம் மறந்தால் என்னிடம் கேட்டுக்கொள்ளலாம். தாதா ஒளிந்திருக்கும் இடம் அவன் மனைவிக்குத் தெரியும். போலீஸ் அவளை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போகும். அடுத்த காட்சியிலேயே அந்த இடத்தை வளைத்துவிடும். பொண்டாட்டியிடம் எதையும் சொல்லக் கூடாது என்று எங்கள் ஊர் ஆம்பளைகள் அன்றே பாடம் படித்துக்கொண்டோம். கல்யாணமாகி முப்பது வருடமாக நான் அதிலிருந்து வழுவியதே இல்லை.

அதனால்தான் நெஞ்சு அடைப்பையும் சொல்லவில்லை. புதன்கிழமை சேலத்தில் ஸ்டென்ட் வைக்கிறார்கள். கூட ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். தம்பியைக் கூட்டிக்கொண்டு, வேலையாக வெளியூர் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவது என் திட்டம்.

இதற்கிடையில் அந்தப் படத்தை மெருகேற்றி தர்மபுரியில் மறுபடி போட்டார்கள். மனைவி அதைப் பார்த்ததே இல்லை. மதியக் காட்சிக்குக் கூட்டிப் போனேன்.

"கடைசியில அவதான் காட்டிக் குடுப்பா, பாரு."

"கதையச் சொல்லாதீங்க. பேசாம பாருங்க."

ஸ்டேஷன் காட்சி வந்தது. அதற்குப் பிறகு, நான் பார்த்தேயிராத பத்து நிமிடம் ஓடியது. அவளை அடிக்கிறார்கள், வாயே திறக்கவில்லை. காட்டிக் கொடுத்தவன் தாதாவின் கார் டிரைவர்.

சட்டென்று விளங்கியது. அந்தக் காலத்தில் நீளமான படம் என்றால், மாலை ஆட்டம் முடிவதற்குள் எங்கள் கடைசி பஸ் போய்விடும். அதனால் தியேட்டர் ஆபரேட்டர் ஒரு ரீலை ஓட்டாமலே முழுங்கிவிடுவார். ஏதோ பாட்டுதான் போயிருக்கும் என்று நாங்களும் அவரை வாழ்த்திவிட்டு பஸ் ஏறுவோம். படுபாவி, இந்த ரீலிலா கை வைத்தார்? எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

படம் முடிந்து எல்லாரும் எழுந்தார்கள். நான் எழவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நெஞ்சு அடைப்புதானுங்களே?" என்றாள் மனைவி. "உங்க சட்டையத் துவைக்கறது யாரு? மூணு மாசமா பாக்கெட்ல மாத்திரை, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் இருக்குது."

பயம் இன்னும் போகவில்லை எனக்கு. "யாருகிட்டயாவது சொன்னியா?"

"எங்கம்மாகிட்டகூடச் சொல்லலீங்க. நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன். எந்திரிங்க, புதன்கிழமை கையெழுத்துப் போட நான் வர்றேன்."