மூன்று மாதத்தில் ஓர் அங்குலம்

கிணற்றடி மறைப்புக்குள் நின்று "பதினெட்டு, பத்தொன்பது" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார் குகதாசன். முப்பது எண்ணும்வரை இழுக்கவேண்டும். விட்டு, மறுபடியும் இழுக்கவேண்டும். இழுபட்டது வாளிக்கயிறு அல்ல. வெந்நீரில் நனைத்த துணி, நல்லெண்ணெய், கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வளையம் எல்லாம், சட்டைப்பையில் நாலாக மடித்து வைத்திருந்த சஞ்சிகைத் தாளில் உள்ளபடி. மூன்று மாதத்தில் ஓர் அங்குலம் என்று அது சத்தியம் செய்தது.

வயது நாற்பத்துநாலு. மல்லாவியில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். மண்ணெண்ணெய் வரிசையில் வாடி நிற்பவர்களைப் பார்த்து, "ஆம்பிளையெண்டால் நெஞ்சை நிமித்தி நிக்கோணும்" என்பார். மீசைக்குத் தனிச் சீப்பு வைத்திருந்தார். அப்பேர்ப்பட்டவரைச் சாய்த்தது ஒரு சிரிப்பு. வாய்க்காலில் குளிக்கும்போது அவர் இடுப்பில் கட்டியிருந்த ஈரச் சாரம் நழுவிவிட்டது. கூடக் குளித்த மயில்வாகனம், "உதுக்கோ மச்சான் இவ்வளவு மீசை?" என்று கேட்டுவிட்டார்.

முதல் மாத முடிவில், கடையில் கோடு போடும் அடிமட்டத்தைக் கொண்டுவந்து அளந்தார். மாற்றமில்லை. அடிமட்டம் பிழையென்று தையற்காரரிடம் நாடா இரவல் வாங்கினார். நாடாவும் மயில்வாகனத்தின் பக்கமே நின்றது. முப்பதை அறுபதாக்கினார்.

"இந்தத் தட்டுப்பாட்டுக்குள்ள நல்லெண்ணெய் எங்க போகுது?" என்று மனைவி விமலேஸ்வரி கேட்டபோது, "முழங்கால் உளைவப்பா" என்றார். அறுபதாக்கிய ஐந்தாம் நாள் முழங்கால் நன்றாகத்தான் இருந்தது, வீங்கியது வேறு. ஆசைப்பட்ட பருமன் வந்தேவிட்டது, கத்தரிக்காய் நிறத்தில். காலை அகட்டி அகட்டி, மனைவி ஒருகையால் சைக்கிளை உருட்டி மறுகையால் தாங்கிப் பிடிக்க, டிஸ்பென்சரிக்குப் போனார்.

"சைக்கிள் பாரில விழுந்திட்டன், ஐயா."

மருந்து கொடுக்கும் முதிய அப்போதிக்கரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "சைக்கிள் பாருக்கு விரலும் இருக்கோ? இந்த மாதம் நீர் மூண்டாவது ஆள். முதல் வந்தவர் மயில்வாகனம். அவர் விழுந்தது மாட்டுவண்டியில."

குகதாசனுக்குப் பாதி வலி அந்த இடத்திலேயே பறந்தது.

"சிரியாதையும். ஒரு மாதம் சைக்கிள் உழக்கக்கூடாது. கையையும் வைக்கக்கூடாது."

திரைத்துணிக்கு வெளியே நின்ற விமலேஸ்வரிக்கு எல்லாம் கேட்டது. வாசலுக்கு வந்ததும் மெதுவாகக் கேட்டார்: "பதினெட்டு வரியமா நான் ஏதும் குறை சொன்னனானோ?"

"இல்லை."

"அப்ப ஆருக்குக் காட்ட இந்தப் பாடு?"

குகதாசன் சைக்கிள் கரியரில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, முகத்தைக் குடையால் மறைத்துக்கொண்டார். விமலேஸ்வரி சைக்கிளை உழக்கினார். சனம் நிறைந்த சந்தையடி வந்தது. பாதையில் குறுக்கே ஒருவருமில்லை, ஆனாலும் பெல்லை அடிக்கத் தொடங்கியவர் சந்தை முடியும்வரை விரலை எடுக்கவில்லை.