குண்டுக்கு வைத்த சந்தனப் பொட்டு

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். நிபோங் திபால் தோட்டத்தில் ரப்பர் பால் வாளி சுமந்த கை இது. அதே கைதான் பிறகு ஜார்ஜ்டவுனில் நாற்பது வருடம் படகு இயந்திரங்களைப் பிரித்து மாட்டியது. என் வெல்டிங்கில் ஒரு சொட்டு கசிந்ததென்று இதுவரை எவனும் வந்து சொன்னதில்லை. பெரிய படிப்புப் படித்தவர்களே என் பட்டறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்திருக்கிறார்கள். ஆகவே அறுபத்தெட்டு வயதில் நான் ஒரு நீர்மூழ்கி செய்தேன் என்றால் யாரும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

உடம்பு, செபராங் ஜெயாவில் பழைய இரும்புக் கடையில் கிடைத்த எரிவாயுத் தொட்டி. ஓர் ஆள் மடங்கி உட்காரலாம். முன்னால் தடித்த கண்ணாடி, தலைக்கு மேல் மூடி, படகிலிருந்து காற்று வர ஒரு குழாய். அதையெல்லாம் எவனும் செய்துவிடுவான். என் பெருமை அதன் கைதான். உள்ளே உட்கார்ந்தபடி வெளியே கிடப்பதை எடுக்க வேண்டும். அதற்கு நம் தோள்மூட்டு மாதிரி ஒரு மூட்டு தேவை. எல்லாப் பக்கமும் திரும்பணும், தண்ணீர் மட்டும் வரக்கூடாது. வெண்கலத்தில் சாத்துக்குடி அளவுக்கு ஒரு குண்டு கடைந்தேன். நடுவில் துளைத்துக் கம்பியைச் செருகினேன். குண்டு உட்கார ஒரு கிண்ணம், விளிம்பில் ரப்பர் வளையம். கம்பியின் வெளி முனையில் நண்டுக் கொடுக்கு போல ஒரு கவ்வி. உள்ளேயிருக்கும் பிடியை அழுத்தினால் கவ்வி திறக்கும், விட்டால் கவ்விக்கொள்ளும். ஏழு குண்டுகளைக் கடைந்து எறிந்தேன். எட்டாவது குண்டு கிண்ணத்துக்குள் கண்விழி மாதிரிச் சுழன்றது.

என் மனைவியின் தம்பி மீன்பிடிக்கிறவன். அவனுக்கே அறுபது நெருங்குகிறது. அவனுடைய நங்கூரம் ஒன்று மூன்று ஆள் ஆழத்தில், பாறை இடுக்கில் மாட்டிக் கயிறு அறுந்து கிடந்தது. அதை எடுத்துக் காட்டுகிறேன் என்றேன்.

“உங்க கை அந்த நங்கூரத்த எடுத்திருச்சின்னா நான் மொட்ட போட்டுக்கிறேன் லா, அத்தான்.”

“மொட்ட போட ஒனக்கு முடி எங்கடா இருக்கு?”

“இருக்கிறத எடுக்கிறேன்.”

கடலில் இறக்குவதற்கு முதல் நாள் ஆயுத பூஜை. பட்டறையில் எல்லாவற்றையும் கழுவி, பொட்டு வைத்து, பொரிகடலை படைத்து, ஓய வைப்போம். பொட்டு வைப்பது எப்போதும் என் மனைவிதான். எந்த இயந்திரத்துக்கு எங்கே நெற்றி என்று அவளுக்குத் தெரியும். அந்த வருடம் சந்தனத் தட்டை அவள் கையிலிருந்து நான் வாங்கிக்கொண்டேன்.

“ஒடம்புல வைங்க. உருளுற எடத்துல வைக்காதீங்க.”

“எனக்கே சொல்லித் தர்றியா?”

குண்டு பளபளவென்று நெற்றி மாதிரியே இருந்தது. மூன்று விரலால் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். கையைக் கடைசியாக ஒருமுறை ஆட்டிப் பார்ப்பதும் கிரீஸ் நிரப்புவதும் பாக்கி இருந்தன. ஆனால் பூஜையில் வைத்த சாமானை அன்றைக்குத் தொடக்கூடாதே. மறுநாள் விஜயதசமி. புது வேலை தொடங்க அதைவிட நல்ல நாள் ஏது? காலையில் எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்து, கிரீஸை அவசரமாக ஒரு கை அள்ளிப் பூசிக் கிளம்பிவிட்டோம். காய்ந்திருந்த பொட்டைத் துடைக்க மனம் வரவில்லை.

தொட்டியை மச்சானின் படகில் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். உள்ளிருந்து ஸ்பானரால் தட்டித்தான் பேச முடியும். இரண்டு தட்டு என்றால் கயிற்றைத் தளர்த்து. மூன்று தட்டு என்றால் எடுத்துவிட்டேன். மேலே வருவது என் பாடு. அடியில் பாரத்துக்குக் கட்டிய ஈயக் கட்டியை உள்ளிருந்தே கழற்றிவிட்டால் தொட்டி தானாக மிதந்து வரும்.

“ஆபத்துன்னா எத்தன தட்டு, அத்தான்?”

“அதுக்குத் தட்டே கெடையாது.”

“ஒரு பேச்சுக்குச் சொல்லுங்களேன்.”

“நான் செஞ்ச சாமான்டா இது. வாய மூடிக்கிட்டு மூடிய மூடு.”

கலங்கல் தண்ணீரில் தடவித் தடவி நங்கூரத்தைக் கண்டுபிடித்தேன். கவ்வி அழகாகக் கவ்வியது. மூன்று முறை தட்டிவிட்டு ஈயத்தைக் கழற்றினேன். தொட்டி எழும்பியது. எழும்பி, நின்றுவிட்டது. நங்கூரம் பாறையை விடவில்லை. தொட்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. கையைத் திருப்பினால் நங்கூரம் கழன்று வரும் என்று பிடியைத் திருகினேன். உள்ளங்கையில் சொரசொரவென்று ஓர் உணர்ச்சி, மணலை மெல்லுகிற மாதிரி. அடுத்த திருகில் குண்டு அசையவேயில்லை. கடல் அதைக் கிண்ணத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டது. சாய்ந்ததில் கம்பி வளைந்து, கவ்வியும் திறக்கவில்லை.

அப்போதுதான் வளையத்தின் ஓரமாக நூல் போலத் தண்ணீர் பீய்ச்சியது. மஞ்சள் நிறம். முகத்தில் பட்டது. சந்தன வாசனை.

அந்த வாசனையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கி என்ன பிரயோசனம்? குண்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஐந்து நிமிடம் போதும். ஆனால் கழற்றினால் அந்த ஓட்டை வழியாகக் கடல் உள்ளே வரும். சட்டையைக் கழற்றி அடைத்தேன். சட்டையை நனைத்துக்கொண்டு வந்தது. உள்ளங்கையால் பொத்தினேன். விரலிடுக்கில் வந்தது. முழங்கால், பிறகு தொடை. வேலை தெரியாமல் என் கை சும்மா இருந்ததில்லை. அன்றைக்கு வேலை தெரிந்தும் சும்மா இருந்தது.

ஸ்பானரை எடுத்துத் தட்டினேன். எத்தனை தட்டுவது? எந்தக் கணக்கும் நான் வைக்கவில்லையே. விடாமல் அடித்தேன். மேலே படகுப் பலகையில் சத்தம் கேட்டது. உயிர் வந்தது. காதை இரும்பில் வைத்துக் கேட்டேன். என் அடிக்கு ஏற்ற மாதிரி மச்சான் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். நான் வேகமாக அடிக்க அடிக்க, அவனும் வேகமாக ஆடினான். “டேய், தம்பி! தம்பி!” என்று கத்தினேன். அவனை நான் தம்பி என்று அதற்கு முன் கூப்பிட்டதேயில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது கை ஓய்ந்து, அடியும் ஓய்ந்தது. மேலே ஆட்டமும் நின்றது.

அந்த நேரத்தில் மேலே நடந்ததை மச்சான் பிறகு சொன்னான். சந்தோஷத்தில் அவன் அக்காளுக்குப் போன் போட்டிருக்கிறான்.

“அக்கா, அத்தான் எடுத்திட்டாரு! உள்ளுக்குள்ள உறுமி அடிக்கிற மாதிரி அடிச்சாரு, கேக்கணுமே நீ!”

“எடுத்து எவ்வளவு நேரமாச்சு?”

“கால் மணி நேரம் இருக்கும்.”

“கால் மணி நேரமா? ஒண்ணச் சாதிச்சிட்டு அந்த மனுசன் கால் மணி நேரம் யாருகிட்டயும் சொல்லாம இருப்பாரா? இழுடா, மடையா!”

வலை இழுக்கும் உருளையில் கயிற்றைச் சுற்றி இழுத்தான். படகு ஒருபக்கம் சாய்ந்ததாம். எனக்குத் தெரிந்தது ஒரு பெரிய குலுக்கல் மட்டும். பாறை உடைந்ததோ நங்கூரம் வளைந்ததோ, மொத்தமாக மேலே வந்தோம். மூடியைத் திறந்தபோது நெஞ்சுவரை தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். ஸ்பானர் கையிலேயே இருந்தது. கவ்வி இன்னும் நங்கூரத்தை விடவில்லை.

இரண்டு நாள் கழித்துக் குண்டைக் கழற்றினேன். கிண்ணத்தின் அடியில் மஞ்சள் சேறு இறுகிக் கிடந்தது. மனைவி பக்கத்தில் நின்றாள். நகத்தால் கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பார்த்தாள். ‘சொன்னேனே’ என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மச்சான் வாக்குத் தவறாதவன். மறுவாரம் சாப்பாட்டுக் கடைக்கு மொட்டைத் தலையோடு வந்தான். மேசையைச் சுற்றி நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

“என்னண்ணே, வேண்டுதலா?”

“அத்தானோட கை நங்கூரத்த எடுத்திருச்சி லா. அவரையே கேளுங்க, சொல்லுவாரு.”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தேன். இன்னொரு வாய் குடித்தேன். என் விரல்கள் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தன, நிறுத்தாமல். நான் தட்டுவது எனக்கே தெரியவில்லை. மச்சான்தான் கை நீட்டி, என் கைமேல் வைத்து அழுத்திக்கொண்டான்.