பி பேட்சும் நாற்பத்தாறு பல்லும்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்தது. ஞாயிறு ரைடுக்கு இனிமேல் இரண்டு பேட்ச். ஏ பேட்ச் நந்தி மலைக்குப் பின்பக்கம் மண் பாதையில் போய் ‘கோயில் மேடு’ ஏறும். பி பேட்ச் ஏரியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, இட்லி சாப்பிட்டு, வீட்டுக்குத் திரும்பும்.

என் பெயர் பி பேட்சில் இருந்தது.

என்னை யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. பெயருக்குப் பக்கத்தில் ஒரு கைகூப்பும் படம் வேறு!

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சொல்கிறேன் – பெங்களூர் லிங்கராஜபுரத்தில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். வயது ஐம்பத்திரண்டு. வாய் கொஞ்சம் நீளம். என்னிடம் இருப்பது கிராவல் பைக். வளைந்த ஹேண்டில், தடித்த டயர். தார் ரோட்டிலும் போகும், மண்ணிலும் போகும். ஞாயிறு காலை அதில் கிளம்பிவிட்டு, சாயங்கால ஆராதனைக்குச் சர்ச்சுக்குப் போய்க்கொள்கிறேன். கர்த்தருக்கு இதில் ஆட்சேபணை இல்லை. பக்கத்து வீட்டு எஸ்தர் அக்காவுக்கு மட்டும்தான் இருக்கிறது.

உடனே குழுவின் அட்மின் சதீஷுக்குப் போன் போட்டேன். ஈரோட்டுப் பையன், சாஃப்ட்வேர் மேனேஜர், முப்பது வயசு இருக்கும்.

“என்ன சதீஷ், என் பேர் தப்பான இடத்துல இருக்கு?”

“இல்லீங்க மேடம்... போன தடவை மேட்டுல இறங்கித் தள்ளிட்டு வந்தீங்கல்ல. உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு...”

“கஷ்டமா இருக்குன்னு நான் சொன்னேனா?”

“சொல்லலீங்க. ஆனா ஏ பேட்ச்சுக்கு ரூல் ஒண்ணு இருக்குதுங்களே. மேட்டுல கால் ஊனக் கூடாது.”

“சரி. மாசக் கடைசி ஞாயிறு வர்றேன். கால் ஊனினா நானே பி பேட்சுக்குப் போயிடறேன். அப்புறம் குரூப்ல வாயே திறக்க மாட்டேன்.”

“வாயே திறக்க மாட்டீங்களா?” என்று கேட்டார். குரலில் ஒரு சந்தோஷம்!

அவர் சொன்னது பொய் இல்லை. தள்ளிக்கொண்டுதான் ஏறினேன். செங்குத்தான மேடு, உருளும் கல். என் முட்டி ‘நட் கழண்டுவிட்டது’ என்று சத்தம் போட்டுச் சொன்னது. மேலே எல்லாரும் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “பரவால்ல மேடம், இந்த வயசுல இவ்ளோ வர்றதே பெருசு” என்றார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

நான் சவால் விட்ட விஷயம் குழுவில் பரவியதும் அறிவுரை கொட்டியது. ஜிம்முக்குப் போங்க. புரோட்டீன் சாப்பிடுங்க. வெயிட்டைக் குறைங்க. ஒருத்தராவது கியரைப் பற்றிப் பேசினார்களா? நானே எழுதினேன் – கியரை மாற்றப் போகிறேன் என்று.

சதீஷ் பதில் போட்டார்: “அது கொஞ்சம் சீட்டிங் மாதிரி இல்லீங்களா மேடம்? கால்ல பவர் ஏத்தணும். அதான் நிஜ ரைடிங்.”

சீட்டிங்காம்!

அன்றைக்கே கடைக்கு ஒரு தண்ணி கேன் போடுகிற ஆள் வந்தார். “அக்கா, பின்னாடி பெரிய ஸ்ப்ராக்கெட்டாப் போட்டுக் கொடு. நாலு கேன் ஏத்துனா மேம்பாலம் ஏற மாட்டேங்குது” என்றார். மொபெட்டின் பின்சக்கரத்தில் பெரிய பல் சக்கரமாகப் போட்டுக்கொடுத்தோம். கிளம்பிப் போனார். அவரை யாராவது நிறுத்தி, ‘நீ ஏமாத்துற, உன் மொபெட்டுக்குப் பவர் ஏத்து’ என்று சொல்வார்களா? சொன்னால் கேன் பறந்து வரும்.

நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. ஒரு வேலையைக் கஷ்டப்பட்டுச் செய்தால்தான் மரியாதை. சுலபமாகச் செய்ய வழி கண்டுபிடித்தால் உடனே சந்தேகம். அதுவும் ஒரு பொம்பளை கண்டுபிடித்தால் கேட்கவே வேண்டாம். மிக்ஸியில் அரைத்தால் சட்னி பி பேட்சா? பத்தாவது மாடி ஆபீசுக்கு லிஃப்டில் போகிற சதீஷ், சாயங்காலம் சம்பளத்தில் பாதியைத் திருப்பிக் கொடுக்கிறாரா?

கணக்கு ரொம்பச் சின்னது. முன்னால் பெடலோடு சுற்றுகிற பல் சக்கரம் சின்னதாக வேண்டும். பின்னால் இருக்கிற பல் சக்கரம் பெரிதாக வேண்டும். அப்போது ஒரு மிதிக்கு வண்டி கொஞ்ச தூரம்தான் போகும், ஆனால் லேசாகப் போகும். என் சைக்கிளில் முன்னால் நாற்பத்திரண்டு பல். பின்னால் அடுக்காக இருக்கிற பல் சக்கரங்களில் – அந்த அடுக்குக்குப் பெயர் கேசட் – பெரியது முப்பத்திநாலு. இருபத்தைந்து வயசுப் பையனின் தொடைக்குப் போட்ட கணக்கு அது. கம்பெனிக்காரன் என் முட்டியைக் கேட்டா செய்தான்?

தொம்மலூரில் ஒரு சைக்கிள் கடை. அங்கே மெக்கானிக் இம்ரான்.

“முன்னாடி முப்பத்தாறு கொடு. பின்னாடி நாற்பத்தாறு வரைக்கும் இருக்கிற கேசட் கொடு. புது செயின் ஒண்ணு. பழசைக் கழட்டற டூலும் கொடு.”

“நாற்பத்தாறா? ஏன் மேடம், செவுத்துல ஏறப் போறீங்களா?”

“ஆமா. நீ கீழ நின்னு பாரு.”

“சரி மேடம், ஆனா அவ்ளோ பெருசு போட்டா பின்னாடி டீரெயிலர்...”

“தம்பி, நான் இருபது வருஷமா செயின் ஸ்ப்ராக்கெட் விக்கிறவ. பெட்டியைக் கொடு, நானே மாட்டிக்கிறேன்.”

கொடுத்துவிட்டான். நானும் கடையில் உட்கார்ந்து மாட்டினேன். பல் பளபளவென்று இருந்தது. என் வீட்டுக்காரர் எட்வின் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, “என்ன ஷீலா இது, சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கு?” என்றார்.

லிங்கராஜபுரம் மேம்பாலத்தில் டிரையல். ஏற்றம் ஆரம்பித்ததும் கியரைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். கடைசி, பெரிய பல்லுக்குத் தட்டினேன்...

கர்ர்ர்ரக்!

பெடல் இறுகி நின்றுவிட்டது. பின்னால் ஒரு ஆட்டோ கன்னடத்தில் என்னை வாழ்த்திவிட்டுப் போனது. இறங்கிப் பார்த்தேன். செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொரு பல்லுக்குத் தள்ளுகிற கை இருக்கிறதே, அதுதான் டீரெயிலர். அது புதுப் பல்லில் இடித்து வளைந்து தொங்கியது. என் கடைக்கு வருகிற வண்டிகளில் பின்னால் ஒரே ஒரு ஸ்ப்ராக்கெட், ஒரு செயின், அவ்வளவுதான். தள்ளிவிட ஒரு கையே கிடையாது. அந்தக் கை எவ்வளவு பெரிய பல்லுக்கு எட்டும் என்று யோசிக்க வேண்டிய அவசியம் எனக்கு வந்ததே இல்லை.

மறுநாள் இம்ரான் சைக்கிளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

“நான் சொல்ல வந்தேன் மேடம். நீங்க விடல.”

“விடலதான். இப்ப சொல்லு.”

“நீளக் கை இருக்கிற டீரெயிலர் வேணும். அது மாட்டற இந்தக் கொக்கியும் வளைஞ்சிருக்கு.”

“ரெண்டையும் மாத்து. இந்த முறை நான் டீ குடிச்சிட்டு சும்மா உக்காந்திருக்கேன்.”

“நெஜமாவா?” என்றான். நம்பாமலேயே வேலையை ஆரம்பித்தான்.

எட்வினுக்குத்தான் கவலை. “குரூப் பூரா சொல்லிட்ட. ஏற முடியலன்னா என்ன பண்ணுவ?”

“ஏறுவேன்.”

“முடியலன்னா?”

“ஏறுவேன்னு சொல்றேன்ல! சும்னிரு.”

எங்கள் வீட்டில் கோபம் வந்தால் வாயில் கன்னடம் வந்துவிடும்.

கடைசி ஞாயிறும் வந்தது. முதல் பகுதி சமதளத் தார் ரோடு. அங்கேதான் முதல் அடி. முன்னால் பல் குறைந்தால் வேகமும் குறையும், அது தெரிந்ததுதான். ஆனால் கால் தையல் மிஷின் மாதிரி ஓடுகிறது, வண்டி மட்டும் ஊர்வலம் போகிறது. ஏ பேட்ச் மொத்தமும் சிறிதாகி, புள்ளியாகி... காணவில்லை. சதீஷ் மட்டும் திரும்பி வந்தார்.

“மெதுவாப் போகட்டுங்களா மேடம்?”

“வேணாம். நீங்க போங்க. மேட்டுலதானே ரூல்?”

போனார். திராட்சைத் தோட்டம் தாண்டி மண் பாதை. தனியாகத்தான் கோயில் மேட்டின் அடிக்கு வந்தேன். நாற்பத்தாறுக்குத் தட்டினேன். புதுக் கை சத்தமில்லாமல் செயினைத் தூக்கி வைத்தது. மிதித்தேன். ஏறியது!

முட்டி சும்மா இருந்தது. நெஞ்சு மட்டும் கொஞ்சம் முணுமுணுத்தது. ஆனால் வேறொரு சிக்கல். இவ்வளவு மெதுவாகப் போனால் சைக்கிள் நேராக நிற்காது. முன்சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. ஒரு கல்லில் ஏறி வழுக்கி, வலது கால் பெடலைவிட்டு வெளியே வந்துவிட்டது. தரைக்கும் செருப்புக்கும் நடுவே ஒரு சாண் இருக்கலாம். வைத்தால் முடிந்தது. ‘இந்த வயசுல இவ்ளோ வர்றதே பெருசு’ என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஹேண்டிலை ஒரு வெட்டு வெட்டி, இடது காலால் ஓங்கி ஒரு மிதி. நிமிர்ந்தது. வலது கால் மறுபடி பெடலுக்கு வந்தது.

மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று என்னைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் என்னை முந்திக்கொண்டு மேலே போனது. போகட்டும். ஆட்டுக்கு எந்த பேட்ச் என்று யாரும் சொல்லவில்லை.

கடைசி வளைவில் சதீஷ் நின்றுகொண்டு போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

“எதுக்கு வீடியோ?”

“ரூலுக்கு ஆதாரம் வேணுமில்லீங்களா...”

“நல்லா எடுங்க. காலையும் சேர்த்து எடுங்க.”

நான் மிதித்தேன். அவர் எடுத்தார். இன்னும் மிதித்தேன். போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். கடைசியில் இறக்கியே விட்டார்.

“கை வலிக்குதுங்க மேடம்!”

எனக்குக் கால் வலிக்கவில்லை. கோயில் வாசலில் போய்த்தான் இறங்கினேன். எல்லாரும் கை தட்டினார்கள். சதீஷ் மட்டும் யோசித்துக்கொண்டே வந்தார்.

“ஏறிட்டீங்க, ஒத்துக்கறேன். ஆனா இவ்ளோ ஸ்லோவா வந்தா ஏ பேட்ச்னு எப்படீங்க...”

“ரூல் என்ன?”

“கால் ஊனக் கூடாது.”

“ஊனினேனா?”

“இல்லீங்க.”

“மணி பார்க்கறதா ரூல்ல இருக்கா?”

“இல்லீங்க மேடம்.”

“அப்புறம் என்ன?”

அவர் குனிந்து என் பின்சக்கரத்துப் பெரிய பல்லைத் தொட்டுப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, அங்கேயே என் பெயரை மாற்றினார். இந்தத் தடவை கைகூப்பும் படம் இல்லை. அந்த ஒரு விஷயத்துக்காக அவர்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது, மறைக்க மாட்டேன்.

உங்களுக்கும் ஏதாவது ஒரு மேடு இருக்கும். ஆபீசிலோ வீட்டிலோ. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுங்கள் என்று சொல்ல நிறையப் பேர் வருவார்கள். கடிக்காதீர்கள். பல்லை மாற்றுங்கள். அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

அப்புறம் எல்லாரும் சேர்ந்து கீழே வந்தோம். இறக்கத்தில் எல்லாருமே ஏ பேட்ச்தான்!